கொட்டகைக்கு முன் புல்: பால் பண்ணை பற்றிய வாசகர் கேள்வி – பதில்

பால் பண்ணை தொடங்குவது குறித்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, எந்த இன மாட்டை வாங்கலாம், கொட்டகைக்கு எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையே சுற்றி வருகின்றன. இம்முறை தீவனத்தைத் தொட்டுச் செல்லும் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டுமே தரப்படுகிறது.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ளன. வங்கிக் கடன் பெற்றுப் பத்துக் கலப்பினப் பசுக்களுடன் பண்ணை அமைக்க இருக்கிறேன். கொட்டகைக்கான வரைபடம் தயாராகிவிட்டது. பண்ணையை எப்படி அமைத்துக்கொள்வது என்று வழிகாட்ட வேண்டும். — வாசகர், தாராபுரம்

பதில்: வரைபடத்தைச் சற்றே ஒதுக்கிவையுங்கள். உங்கள் கடிதத்தில் கொட்டகையின் நீள அகலம், கூரைத் தகடு, ரப்பர் விரிப்பு, கறவை இயந்திரம் ஆகிய எல்லாம் விரிவாக இருக்கின்றன. மாடுகள் எதைத் தின்னும் என்பது மட்டும் ‘தீவனம் வெளியில் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை தீவனத்துக்கே போகிறது என்பதால், பண்ணையின் லாபமும் நட்டமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன.

முதலில் மந்தையைப் பார்ப்போம். பத்துப் பசுக்கள் இருந்தால் பத்தும் ஆண்டு முழுவதும் கறக்கும் என்று கடன் விண்ணப்பத்தில் எழுதலாம். தொழுவத்தில் அது நடவாது. ஒரு ஈற்றில் ஏறத்தாழ 305 நாள் கறவை, அடுத்த கன்றுக்கு முன் 60 நாள் வற்றுக்காலம் என்பது பாடநூல் கணக்கு. சினைப்பிடிப்பு தள்ளிப்போவதால், நம் ஊர்க் கலப்பினப் பசுக்களில் இரண்டு ஈற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் 14, 15 மாதங்கள் என்று நீண்டுவிடுகிறது. ஆகவே எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஏழு மாடுகள் கறக்கும், மூன்று சும்மா நின்று தின்னும் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. பத்தையும் ஒரே சந்தையில், ஒரே வாரத்தில், புதிதாக ஈன்றவையாக வாங்கினால் எட்டாம் மாதத்திலிருந்து பாலும் மொத்தமாக இறங்கும். கடன் தவணை இறங்காது. ஐந்தை முதலிலும், மீதி ஐந்தை ஐந்தாறு மாதம் கழித்தும் வாங்குங்கள். இவற்றோடு வளரும் கிடேரிகள் மூன்று நான்கு எப்போதும் இருக்கும். கலப்பினக் கிடேரி முதல் கன்று ஈன இரண்டரை ஆண்டுகள்கூட ஆகலாம், அதுவரை அதற்கும் தீனி போட்டாக வேண்டும்.

இனி வாய்க்கணக்கு. 400 கிலோ எடையுள்ள, நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு 12 முதல் 13 கிலோ உலர்பொருள் தேவை. உலர்பொருள் என்பது ஈரத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் எடை. 25 கிலோ பசும்புல்லில் ஐந்து கிலோவும், மூன்று கிலோ வைக்கோலில் 2.7 கிலோவும், ஐந்தரைக் கிலோ கலப்புத் தீவனத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோவும் உலர்பொருளாக மிஞ்சும், தேவை நிறைந்துவிடும். கலப்புத் தீவனத்துக்கு உள்ள எளிய விதி, உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பதாகும்.

பத்துப் பசுக்களுக்கு 250 கிலோ, கிடேரிகளுக்கு 50 கிலோ என்று நாளொன்றுக்கு 300 கிலோ பசும்புல், அதாவது ஆண்டுக்கு 110 டன் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ–4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஹெக்டேருக்கு ஆண்டில் 380 டன்னுக்கு மேல், அதாவது ஏக்கருக்கு 150 டன் தரும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. எருவும் நீரும் குறையாமல் கிடைக்கும் இடத்துக்குரிய அந்த எண்ணில் பாதியைத்தான் உழவர் வயலுக்கு நான் எழுதிக்கொள்வேன். ஏக்கருக்கு 75 டன் என்றால் உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கோ–4 தேவை. அதை ஐம்பது துண்டுகளாகப் பிரித்தால் ஒரு துண்டு மூன்று சென்ட். தினமும் ஒரு துண்டை அறுத்துக்கொண்டே போனால், கடைசித் துண்டை அறுத்து முடிக்கும்போது முதல் துண்டு மீண்டும் அறுவடைக்கு வந்திருக்கும். இப்படிப் பிரிக்காதவர்கள் ஒரு மாதம் முற்றிப்போன தட்டையையும், அடுத்த மாதம் தண்ணீராகத் துளிர்த்த இளம்புல்லையும் போட்டுவிட்டு, பால் ஏறி இறங்குவதற்கு மாட்டைக் குறை சொல்வார்கள்.

மீதி ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கர் வேலிமசாலுக்கும் குதிரைமசாலுக்கும் கொடுங்கள். கோ–4 புல்லில் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும் ஆக்சலேட் உள்ளதாலும் புரதம் குறைவு என்பதாலும், பயறுவகைத் தீவனம் கலவாமல் அதை மட்டுமே போடுவது சரியன்று. முக்கால் ஏக்கரில் மழைக்காலத்து மக்காச்சோளத்தைச் சைலேஜுக்காக, அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனத்துக்காக, விதைக்கலாம். எஞ்சிய கால் ஏக்கர் கொட்டகைக்கும் எருக்குழிக்கும் போதும்: ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் மூன்றரை முதல் நான்கு சதுர மீட்டர், அதைப் போல் இரு மடங்கு திறந்த வெளி, கிழக்கு மேற்காக நீளும் கூரை, எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, வழுக்காத தரை. பத்து மாட்டுக்கு ஒரே வரிசை போதுமானது. மற்றவை பிறகு சேர்த்துக்கொள்ளத் தக்கவை.

இவ்வளவையும் ஒரே கேள்வி கவிழ்த்துவிடக்கூடும். சித்திரை, வைகாசியில் உங்கள் கிணற்றில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும்? தாராபுரம் வட்டாரத்தில் அதற்கு விடை தெரியாமல் ஒன்றரை ஏக்கர் கோ–4 போடக் கூடாது. நீர் உண்டென்றால் இப்போதே கரணை (புல்லின் தண்டுத் துண்டு) நடுங்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 13,000 கரணைகள் பிடிக்கும். முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாளாகும். மாடு அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: எங்களுக்கு நிலம் இல்லை. இரண்டு கறவை மாடுகளை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன். வயல் வரப்பில் அறுக்கும் புல்தான் தீவனம். உங்களைப் போன்றவர்கள் சொல்லும் ஏக்கர் கணக்கெல்லாம் எங்களுக்கு ஏது? — வாசகி, உளுந்தூர்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்நாட்டின் பாலில் பெரும்பகுதி இரண்டு, மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்தே வருகிறது. பண்ணை என்று சொன்னாலே நூறு மாட்டுக் கொட்டகையை நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்குக் கூட்டுறவு அமைப்பே உங்களைப் போன்றவர்களுக்காகக் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் 1946-க்குப் பின் உருவானதுதான். தமிழ்நாட்டில் ஆவின் என்று நாம் அழைக்கும் இணையமும் 1981 முதல் அதே வடிவத்தில் இயங்குகிறது. அந்த வரலாற்றில் தீவனத்துக்கும் ஓரிடம் உண்டு. 1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கைரா ஒன்றியம் இருக்கும் ஆனந்துக்கு வந்தது, அவ்வொன்றியம் கஞ்சரியில் கட்டிய மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்கத்தான். அப்போது ஒரு கிராமத்தில் இரவு தங்கி உழவர்களோடு பேசிய பிறகே, இவ்வமைப்பை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தது. பால் வாங்குவதோடு நில்லாமல் தீவனத்தையும் உறுப்பினர் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவ்வமைப்பில் தொடக்கம் முதலே இருந்த எண்ணம். உங்கள் சங்கத்தில் கலப்புத் தீவனமும் தாது உப்புக் கலவையும் தந்து பால் பணத்தில் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உறுப்பினர் கூட்டத்தில் அதை எழுப்புங்கள்.

வரப்புப் புல் தாழ்ந்ததன்று. அறுகும் பலவகைக் களைப்புற்களும் கலந்த ஒரு கட்டு, முற்றிய கோ–4 தட்டையைவிட மாட்டுக்கு நல்லது. ஆனால் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலா என்று வயல்காரரிடம் கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள். களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போகும்போது கூலியோடு கடலைக்கொடியையும் பேசிக்கொள்ளும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. நிழலில் உலர்த்தி இலை உதிராமல் சேமித்த கடலைக்கொடி, வைக்கோலைவிட மிகுந்த புரதம் உடையது. வீட்டைச் சுற்றி வேலி இருந்தால் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், கல்யாணமுருங்கை ஆகியவற்றை அதில் நடுங்கள். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் போட வேண்டாம். இரண்டு மாட்டுக்கு வேறு எதையும் வாங்க முடியாவிட்டாலும், நாளுக்கு ஐம்பது கிராம் தாது உப்புக் கலவையை மட்டும் விடாதீர்கள். சினை நிற்காத மாடு என்று விற்கப்படுபவற்றில் பலவற்றுக்கு உண்மையில் குறைவது அதுதான்.

கேள்வி: வைக்கோல் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. தஞ்சைப் பக்கத்திலிருந்து லாரியில் கட்டுக் கணக்கில் வாங்குகிறோம். எப்போது, எப்படி வாங்குவது நல்லது? — வாசகர், பொள்ளாச்சி

பதில்: கட்டுக் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள். இயந்திரம் சுருட்டும் உருளைக் கட்டுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. சுருட்டும்போது எவ்வளவு இறுக்கினார்கள், அறுவடை இயந்திரம் எவ்வளவு உயரத்தில் அறுத்தது, ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒரே வயலின் கட்டுகளே வேறுபடும். லாரியை எடைமேடையில் ஏற்றி, கிலோவுக்கு என்ன விலை என்று பேசுங்கள். நடுவில் உள்ள ஒரு கட்டைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் அது பூசணம் பிடிக்கப்போகும் சரக்கு.

காலத்தைப் பொறுத்தவரை, சம்பா, தாளடி அறுவடை நடக்கும் தை, மாசியில் கிடைக்கும் வைக்கோல்தான் காய்ந்த வைக்கோல். குறுவை அறுவடை மழையோடு மோதுவதால் அதன் வைக்கோல் பெரும்பாலும் கறுத்துப்போகிறது. கேரளத்துக்கும் இதே டெல்டாவிலிருந்துதான் லாரிகள் போகின்றன என்பதால், அறுவடை ஓய்ந்த பிறகு விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பத்து மாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 டன் வேண்டும். அதை மாசிக்குள் கூரையின் கீழ் அடுக்கிவிட முடிந்தவர்கள் ஐப்பசியில் பிறர் கேட்கும் விலையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு விழுக்காடுதான். பசும்புல் இல்லாத மாதங்களில் யூரியா ஊட்டம் ஏற்றிப் பயன்படுத்தலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். பிரித்ததும் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். அன்றைக்கு வேண்டியதை எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விரித்த பின்பே போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. நான்கு கிலோ என்றால் நான்குதான். ‘கொஞ்சம் கூடப் போட்டால் கூடுதல் சத்து’ என்ற எண்ணமும், யூரியா கரைசலை நேரடியாகத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பதும் மாட்டைக் கொன்றுவிடும்.

கேள்வி: மக்காச்சோளச் சைலேஜ் மூட்டை வாங்கினால் விலை அதிகம், நானே குழி எடுத்துச் செய்தபோது பாதி அழுகிவிட்டது. எங்கே தவறு? — வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: குழிக்குள் காற்று இருந்திருக்கிறது. சைலேஜ் என்பது காற்றில்லாத இடத்தில், பயிரின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றி, அந்த அமிலமே தீவனத்தைக் கெடாமல் காக்கும் முறை. அமிலம் கூடக் கூடக் குறையும் பி.ஹெச். எண் 4 அளவுக்கு இறங்க வேண்டும். காற்று இருக்கும்வரை அது இறங்காது. பெரும்பாலும் மூன்று இடங்களில் கோளாறு நேர்கிறது.

ஒன்று, பயிரின் பருவம். கதிரில் மணி பால் பிடித்து மாவுப்பதத்துக்கு வரும்போது, விதைத்த 80 முதல் 90 நாளில், செடியில் உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும், அதுவே பதம். நறுக்கிய தூளைக் கைப்பிடியளவு எடுத்து ஒரு நிமிடம் இறுகப் பிடித்துவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். சாறு சொட்டினால் ஈரம் மிகுதி, ஒருநாள் வாட வேண்டும். உருண்டை உடனே உதிர்ந்தால் முற்றிவிட்டது. மெல்ல விரிந்து கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் சரி. அடுத்தது, நறுக்கும் அளவு: இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் இறுக்க முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது மிதிப்பு. அரை அடி கொட்டியதும் டிராக்டரை ஏற்றி மிதிக்க வேண்டும். சிறு குழியென்றால் ஆட்கள் இறங்கி, குறிப்பாக ஓரங்களையும் மூலைகளையும், மிதிக்க வேண்டும். அழுகல் எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும், ஏனென்றால் ஆட்கள் எப்போதும் நடுவில்தான் மிதிப்பார்கள். குழியை நிரப்பும் வேலையை ஒரே நாளில், மிஞ்சினால் இரண்டாம் நாளில் முடித்து மூட வேண்டும்.

நன்கு மிதித்த குழியில் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 600 கிலோ பிடிக்கும். பத்து மாட்டுக்கு நாளுக்கு 15 கிலோ வீதம் மூன்று மாதக் கோடைக்கு 13.5 டன், 25 கன மீட்டர் குழி போதும். இதைவிடப் பெரிதாக எடுத்தால் திறந்த முகப்பு அகலமாகி, நீங்கள் எடுப்பதற்கு முன் காற்று எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மாதம் கழித்துத் திறக்கையில் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் பழப்புளிப்பு மணமும் இருக்க வேண்டும். கறுத்ததையும் பூசணம் பூத்ததையும் எருக்குழியில் போடுங்கள், சினை மாட்டுக்குப் போடாதீர்கள். புளிப்பு வாடை பாலில் ஏறாமலிருக்க, கறந்த பிறகு கொடுப்பது நல்லது. மூட்டையாக வாங்குவதும் தவறில்லை. நறுக்கும் இயந்திரமும் டிராக்டரும் வாடகைக்குக் கிடைக்காத இரண்டு மூன்று மாட்டுக்காரருக்கு அது கோடையில் கைகொடுக்கும்.

கேள்வி: இஸ்ரேலிலும் நியூசிலாந்திலும் பண்ணைகள் எப்படி இயங்குகின்றன? அவற்றை இங்கே பின்பற்ற முடியாதா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள், அவை ஒன்றுக்கொன்று நேரெதிரானவை.

இஸ்ரேலில் மேய்ச்சல் நிலம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். கிப்புத்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளும் குடும்பப் பண்ணைகளும் மாடுகளைக் கட்டாமல் பெரிய திறந்த கொட்டகையில் விட்டு, மின்விசிறியாலும் நீர்த்தூவலாலும் குளிர்வித்து, தீவனத்தை அவற்றின் வாய்க்குக் கொண்டுவருகின்றன. குளிர்கால மழையில் விளையும் கோதுமையை மணி முற்றுமுன் அறுத்துச் சைலேஜ் ஆக்குகிறார்கள். தானியத்தின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. பல பண்ணைகள் சேர்ந்து நடத்தும் தீவன மையங்களில் சைலேஜ், தானியம், புண்ணாக்கு, தொழிற்சாலைக் கழிவு, தாது உப்பு எல்லாம் அளந்து ஒன்றாகக் கலக்கப்பட்டு, டி.எம்.ஆர். எனப்படும் முழுக் கலவையாக வண்டியில் வந்து சேர்கிறது. ஒரு பசு ஆண்டுக்குச் சராசரி 11,000 லிட்டருக்கு மேல் கறப்பது இப்படித்தான்.

நியூசிலாந்தில் மாடு புல்லைத் தேடிப் போகிறது. ரைகிராஸ் புல்லும் வெண் குளோவரும் கலந்த மேய்ச்சல் நிலங்களை மின்வேலியால் துண்டுகளாக்கி, முறைவைத்து மேய்க்கிறார்கள். அங்கே வசந்தம் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டில் ஏறக்குறைய மந்தை முழுவதும் ஒன்றாகக் கன்று ஈனும்படி சினைப்படுத்துவதால், பால் மிகும் மாதங்களும் புல் மிகும் மாதங்களும் ஒன்றாக அமைகின்றன. குளிர்காலத்துக்கு முன் மந்தையையே வற்றவிட்டுவிடுகிறார்கள். ஒரு பசுவின் கறவை இஸ்ரேலில் கறப்பதில் பாதியை எட்டாவிட்டாலும், தீவனச் செலவு குறைவு என்பதால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. பாலின் பெரும்பகுதி பவுடராகவும் வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் ஏற்றுமதியாவதால், இரண்டு மாதம் பால் இல்லையென்றாலும் வாங்குபவர் கோபித்துக்கொள்வதில்லை.

நம் வாடிக்கையாளருக்கு விடிந்தால் காப்பிக்குப் பால் வேண்டும்; எனவே நியூசிலாந்தின் பருவ முறை இங்கே நடவாது. இஸ்ரேலின் முறைக்கு வேண்டிய முதலீடு பத்து மாட்டுக்காரருக்குக் கட்டாது. ஆயினும் பத்துப் பதினைந்து பண்ணைகள் சேர்ந்து ஒரே இடத்தில் சைலேஜ் போட்டு, ஒரே இடத்தில் தீவனம் கலந்து பகிர்ந்துகொள்வதற்கு வெளிநாடு போய்வர வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கையில் எடுக்கவேண்டிய வேலை இது என்பது என் கருத்து. நியூசிலாந்திலிருந்து கற்க வேண்டியது, புல்லை அளந்து மேய்ப்பது. அதை நம் காங்கேயத்தார் தங்கள் வழியில் முன்பே செய்துவந்தார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: பரம்பரையாக வந்த நான்கு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. அதை உழுது கோ–4 போட்டால் என்ன? — வாசகர், காங்கேயம்

பதில்: வேண்டாம். கிளுவை முள்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் என்ற மூன்றடுக்கு மேய்ச்சல் நிலமான கொறங்காடு, ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் நிலத்துக்கென்றே அமைந்தது. கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்து கிடந்து, ஒரு மழையில் தூர்விட்டு எழும். வெள்வேலங்காய் உதிரும் கோடையில் ஆடுகளுக்கு அதுவே தீனி. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்தது இந்தக் காட்டில்தான். இதை உழுதால் மீண்டும் கொண்டுவரப் பல ஆண்டுகளாகும். கோ–4 புல்லோ ஆழ்துளைக் கிணறு வற்றிய மறுமாதம் காய்ந்துவிடும். காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயுங்கள். மழை தொடங்கியதும் புல் விதை விட்டு உதிரும்வரை ஒரு பகுதியையாவது அடைத்துவையுங்கள். கலப்பினக் கறவையை இந்த மேய்ச்சலை மட்டும் நம்பி வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்தான் நோக்கம் என்றால் கிணற்றடியில் கால் ஏக்கர் தீவனப்பயிர் தனியே வேண்டும்.

கேள்வி: அசோலா வளர்த்தால் புண்ணாக்குச் செலவு பாதியாகும் என்கிறார்கள். மண்ணில்லாத் தட்டு முளைத்தீவனமும் விற்கிறார்கள். வாங்கலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவில் 94 விழுக்காடு தண்ணீர். இரண்டு கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் 120 கிராம்; அதில் நான்கில் ஒரு பங்கு புரதம் என்றால் 30 கிராம். அது 150 கிராம் கலப்புத் தீவனத்தில் உள்ள புரதம். கோழிக்கும் கன்றுக்கும் நல்ல துணை, புண்ணாக்கைப் பாதியாக்காது. முளைத்தீவனத்தில் ஒரு கிலோ மக்காச்சோளம் ஆறேழு கிலோவாவது உண்மையே. கூடியதெல்லாம் நீர், விதையில் இருந்த உலர்பொருள் சற்றுக் குறையவே செய்யும். நிலமே இல்லாத நகரத்து மாட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அதற்கான குளிரூட்டிய அறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மூட்டைத் தீவனத்தில் எதைப் பார்த்து வாங்குவது? வீட்டிலேயே கலக்கலாமா? பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினால் நல்லது என்கிறார் மாமியார், அந்தப் பழக்கத்தை விடலாமா? — வாசகி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: மூட்டையில் ஐ.எஸ். 2052 என்ற தரக்குறியீடும், தயாரித்த தேதியும், கச்சாப் புரத அளவும் அச்சாகியிருக்க வேண்டும். முதல் வகைக்கு 22, இரண்டாம் வகைக்கு 20 விழுக்காடு கச்சாப் புரதம் குறைந்த அளவாகும். கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண் மட்டுமே. யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். ஆகவே யூரியா எவ்வளவு என்பதையும் மூட்டையில் தேடுங்கள்.

வீட்டில் கலக்க விரும்பினால், நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 32, கடலைப் புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 20, துவரம் பொட்டு 15, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்று எடுத்தால் ஏறத்தாழ 18 விழுக்காடு புரதம் வரும். மக்காச்சோள விலையை நாமக்கல் கோழிப் பண்ணைகளும், இப்போது எத்தனால் ஆலைகளும் தீர்மானிக்கின்றன. அது ஏறும் மாதங்களில் கம்போ சோளமோ மாற்றாகும். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் திப்பியும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லாததால் புண்ணாக்கைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. ஈரம்பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு அது வடிவம் மாறிப் பாலிலும் இறங்குகிறது, காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், தரையில் வைக்காமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடுவதால் நிறம் மட்டுமே போகும், நஞ்சு போகாது.

பருத்திக்கொட்டையை விட வேண்டாம். ஊறவைத்து ஆட்டி, நாளுக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல் கறவை மாட்டுக்குக் கொடுக்கலாம். பாலில் கொழுப்பு ஏறும், சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் வைத்தே விலை போடுவதால் உங்கள் மாமியார் சொன்னதில் காசும் இருக்கிறது. கன்றுகளுக்கு மட்டும் அதைத் தவிருங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோற்றை வீணாக்காமல் மாட்டுக்குப் போடுகிறோம். சரிதானே? — வாசகர், மதுரை

பதில்: கழுநீரோடு ஒரு கைப்பிடி போவது வேறு, அண்டாவோடு கவிழ்ப்பது வேறு. வெந்த சோறு இரைப்பையில் மிக வேகமாகப் புளித்து அமிலமாகிறது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் மடிகின்றன. மாடு அசை போடுவதை நிறுத்தி, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, சில மணி நேரத்தில் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பானை பானையாகப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடுகள் மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் நிற்பது ஆண்டுதோறும் நடக்கிறது. தெரியாமல் தின்றுவிட்டால், நீர் காட்டுவதையும் வேறு தீவனத்தையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்; அவர் வரும்வரை, மாடு நின்றுகொண்டிருந்தால், மெல்ல நடக்கவையுங்கள். சமையல் சோடாவை மாட்டின் எடைக்கேற்ப அவர் அளந்து கொடுக்கட்டும். வாயில் குழாய் வைத்து நீங்களே ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.